அண்ணி பிடுங்கிய டீ

மாமனார் வாய்க்குக் கொண்டுபோன டீ டம்ளரை மருமகள் வெடுக்கென்று பிடுங்கி, அப்படியே வாஷ்பேசினில் கொட்டினாள்.

அப்பாவைப் பார்க்க வந்திருந்த மகளுக்கு வயிறு எரிந்தது. மலக்குடலில் புற்றுநோய் வந்து ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற மனுஷன். ஒரு வாய் டீக்குக்கூடவா வழியில்லை?

"என்ன அண்ணி இது?"

"மாத்திரை போட்டிருக்காரும்மா. இப்ப டீ கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"கேன்சருக்கும் டீக்கும் என்ன சம்பந்தம்? எந்த ஊர் டாக்டர் இப்படிச் சொல்வார்?"

அண்ணி திரும்பி டம்ளரைக் கழுவ ஆரம்பித்தாள். போதாதா? டீத்தூளில்கூட மிச்சம் பிடிக்கிறாள் என்று மகள் முடிவே கட்டிவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் வரும்போதெல்லாம் கைப்பையில் டீயோடு ஒரு குட்டி ஃபிளாஸ்க்கும் வந்தது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு அண்ணி சமையலறைக்குள் போனதும் அப்பா இரண்டே மடக்கில் குடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வாயைத் துடைத்துக்கொள்வார். மகளுக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்க மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கே குழப்பமாக இருந்தது.

"கட்டியிலேர்ந்து கசிஞ்சு கசிஞ்சு ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. அதுக்குத்தானே இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன்? கொஞ்சம்கூட ஏறலையே. ஆபரேஷனைத் தள்ளித்தான் வைக்கணும்."

மகள் பதறிப்போனாள். "தள்ளி வெச்சா கட்டி வளர்ந்துடாதா டாக்டர்? என் ரத்தத்தை எடுத்து ஏத்திட்டு உடனே பண்ணுங்க."

"அவசரம்னா ஏத்தித்தான் ஆகணும். ஆனா இந்த ஆபரேஷன்ல அடுத்தவங்க ரத்தத்தை எவ்வளவு குறைவா ஏத்தறோமோ அவ்வளவு நல்லதும்மா. சீழ் பிடிக்கறது, மத்த சிக்கல் எல்லாம் குறையும். அவர் உடம்பே ரத்தம் ஊற வெச்சுக்கிட்டா கொஞ்சம் போனாலும் தாங்கும்."

ரத்தம் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிற டாக்டரை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். என்ன நடக்கிறது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஆமா, மாத்திரை போட்டதும் டீ குடிக்கிறாரா? டீ குடிச்சா இரும்புச்சத்து உடம்புல ஒட்டாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

மகளின் முகம் வெளுத்துவிட்டது. அப்பாவோ, தனக்கு இதில் சம்பந்தமே இல்லாதவர் போல ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் டாக்டர் குடுத்தேன்" என்றாள் அண்ணி. "ஆசையாக் கேட்டார், மனசு கேக்கல."

"கூட இருக்கற நீங்களே இப்படிப் பண்ணா எப்படி? அவர் உயிரோட விளையாடறீங்களா?" டாக்டர் பொரிந்து தள்ளினார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினார்.

அப்பாவை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு மகள் அண்ணியின் கையைப் பிடித்தாள்.

"ஃபிளாஸ்க் விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"இன்னைக்குத்தான் புரிஞ்சுது. உன் முகத்தைப் பாத்ததும்."

"அப்புறம் ஏன் அண்ணி பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"நீதான்னு டாக்டருக்குத் தெரிஞ்சா அவர் திட்டுல கூனிக்குறுகிப் போயிடுவே. அப்புறம் வீட்டுப் பக்கமே வரமாட்டே. நீ பக்கத்துல வந்து உக்காந்தாதாம்மா மாமா சாப்பிடவே செய்யறார்."