பாப்பாவின் பாஸ்போர்ட் படம்

வேறு படம் எடுக்க மாட்டேன் என்று அந்தப் பெண் மூன்றாவது முறையாகச் சொன்னாள். பாஸ்போர்ட் அலுவலகத்தின் நாலாம் கவுண்டரில் இருந்த அதிகாரி மேடத்துக்குப் பொறுமை கரைந்துகொண்டிருந்தது.

வந்த நொடியிலிருந்தே மேடத்துக்கு அவளைப் பிடிக்கவில்லை. வாசல் கதவு இரண்டையும் காவலாளி திறந்துவிட்டால்தான் நுழையும் என்கிற அகலத்தில் ஒரு குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு பாதியில் ஐந்து மாதக் குழந்தை, மறு பாதியில் பால் புட்டியும் துணிப்பையும். கைப்பிள்ளைக்கு இத்தனை பெரிய ரதம் எதற்கு என்று மேடம் மனதுக்குள் நொடித்துக்கொண்டார்.

இப்போது இந்தப் படத் தகராறு. விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தில் குழந்தை கொழுகொழுவென்று, பொக்கை வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. அவள் மடியில் இருந்ததோ ஒல்லியாக, யாரோ கடன் கேட்டு வந்த மாதிரி மேடத்தை முறைத்துக்கொண்டிருந்தது.

“கைக்குழந்தை முகம் மாறும், தெரியும்மா. அதுக்காக இவ்வளவா? எப்ப எடுத்தது?”

“ரெண்டு மாசம் ஆச்சு மேடம்.”

“கீழேயே ஸ்டுடியோ இருக்கு, பத்து நிமிஷ வேலை. எடுத்துட்டு நேரா இங்க வாங்க. மறுபடி வரிசையில நிக்க வேணாம்.”

மேடம் இப்படிச் சலுகை காட்டுவது வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிற அதிசயம். அதற்கும் அவள் மசியவில்லை. தலை வாரி இரண்டு நாளாவது ஆகியிருக்கும். கண்ணைச் சுற்றிக் கறுத்துக் கிடந்தது. அந்தக் கோலத்தில் இருப்பவளுக்குப் படத்தில் மட்டும் இத்தனை அக்கறை என்ன என்று மேடத்துக்கு விளங்கவில்லை.

கூட வந்திருந்த நாத்தனார்தான் குறுக்கே புகுந்து விவரம் சொன்னாள். அவள் அண்ணனுக்கு வெளிநாட்டில் வேலை. பிரசவத்துக்கு வர முடியவில்லை. அதன் பிறகு வந்தே தீர வேண்டியிருந்த சமயத்திலும் லீவு கிடைக்கவில்லை. பிள்ளை முகத்தை போனில் பார்த்ததோடு சரி. வருகிற இருபதாம் தேதி இவர்களே கிளம்பிப் போய் இரண்டு வாரம் அவனோடு இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

இன்று விண்ணப்பம் திரும்பினால் அடுத்த தேதி கிடைக்க ஒன்றரை மாதம் ஆகும் என்று மேடம் சொல்லிவிட்டார். அதற்குள் அண்ணனுக்குக் கிடைத்த லீவு முடிந்துவிடும். அப்புறம் அவன் பிள்ளையைப் பார்ப்பது என்றைக்கோ.

“விட்டுடுங்க அண்ணி” என்று நாத்தனார் அவள் தோளைத் தொட்டாள். “அண்ணன் பாப்பாவுக்காகக் காத்துக்கிட்டிருக்கான். புதுசா ஒண்ணு எடுத்துடலாம்.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பயணம் கெட்டுப்போகுமோ என்ற பயம் என்று மேடம் நினைத்துக்கொண்டார்.

மேடமும் இரண்டு பிள்ளை பெற்றவர். பெற்றவர்களுக்குத் தங்கள் பிள்ளை பேரழகாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரு சிரித்த படத்துக்காக வீம்பு பிடித்துப் பயணத்தையே பாழாக்குகிறவளை இப்போதுதான் பார்க்கிறார்.

“உங்களுக்குப் படம் முக்கியமா, இவ அப்பாவைப் பாக்குறது முக்கியமா?”

அவள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

இனிப் பேசிப் பயனில்லை என்று படத்தைப் பிய்த்தெடுக்கப் போன மேடம், அதில் இடது கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்தார். பேனா மை தெறித்திருக்கும் என்று நகத்தால் சுரண்டினார்.

சட்டென்று அவள் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சுரண்டாதீங்க மேடம். அது மச்சம்.”

மேடம் குழந்தையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அந்தக் கண்ணுக்குக் கீழே மச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை.

மேடத்தின் குரல் உயர்ந்தது. யார் வீட்டுப் பிள்ளையின் படத்தை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாய், இது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா, ஆளைக் கூப்பிடட்டுமா என்று அவர் கேட்கக் கேட்க, வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள்.

அந்தப் பெண் மட்டும் பிடித்த கையை விடவில்லை.

“எம் பிள்ளைதான் மேடம். ரெட்டைப் புள்ளைங்க, இவகூடப் பொறந்தவ. காய்ச்சல் வந்து நாலே நாள்ல போயிட்டா.”

அவள் குனிந்து, படத்திலிருந்த பிள்ளையின் கன்னத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள்.

“படமாவாவது இவளும் ஒரு தடவை அவங்க அப்பாகிட்டப் போயிட்டு வரட்டும்னுதான்…”