ஐந்து பிரதிகள்

இறந்துபோன மகளின் குரல்பதிவை இளங்கீரன் தன் அலுவலகத்துச் சேமிப்புக் கணினிகளில் பத்திரப்படுத்தியிருந்தான். முதலில் மூன்று வட்டுகளில் மூன்று பிரதிகள். ஒரே வாரத்தில் இரண்டு வட்டுகள் செத்ததும் பயந்துபோய் ஐந்தாக்கினான். “இனிமே கட்டடமே இடிஞ்சாலும் பாப்பா பேசும்ண்ணே” என்றான் கூட வேலைபார்க்கும் அந்தோணி. அதையே இளங்கீரன் வீட்டில் மனைவி செண்பகத்திடமும் பெருமையாகச் சொல்லிவைத்தான். அவள் தினமும் கைபேசி வழியாக அந்தச் சேமிப்பிலிருந்தே அதைத் திறந்து கேட்பாள். “அம்மா, சோத்துல உப்பே இல்ல” என்று பாப்பா குறைசொல்லும்.

நேற்று அவள் விரல் தவறி ‘அழி’ என்பதில் பட்டுவிட்டது. ஒரு வட்டு செத்தால் மற்றவை தாங்கிக்கொள்ளும். அழிக்கச் சொன்னால் ஐந்துமே ஒன்றாகக் கீழ்ப்படிந்துவிடும். இதை மட்டும் அவன் அவளிடம் சொன்னதில்லை. இன்று அலுவலகத்தில் எல்லா வட்டுகளிலும் தேடிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

செண்பகம் பதறவேயில்லை. “ஒண்ணுதானேங்க போச்சு? மிச்சம் நாலு இருக்குல்ல, அதுல ஒண்ண எடுத்துப் போட்டுக் குடுங்க” என்று கைபேசியை நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான். சார்ஜ் குறைவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒயரைத் தேடப் போனான்.