பாட்டுப் போட்ட வீடியோ

திரையில் ஒட்டகம் எழும்பியபோது பரமேஸ்வரன் சோபாவில் இருந்தபடியே பின்னால் சாய்ந்தான்.

"பார், மச்சானுக்கு இருந்த இடத்திலயே சவாரி!" என்று எமில்டாவின் அண்ணன் கிறிஸ்துராஜா சிரித்தான்.

எமில்டாவும் சிரித்தாள். அண்ணன் வீட்டில் சேர்ந்து சிரிக்கக் கிடைத்ததே அவளுக்குப் பெரிய காரியம்.

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் சைவக்காரனான பரமேஸ்வரனைப் பதிவு செய்து கட்டியதிலிருந்து மன்னாரிலிருக்கும் அம்மா அவளோடு பேசவில்லை. சண்டை நடக்கும் ஊர். அவள் எழுதும் கடிதங்கள் அண்ணனுக்குத் தெரிந்தவர்கள் யாராவது போகும்போது அவர்கள் கையில்தான் போகும். அம்மா கொழும்புக்கு வந்தால் அண்ணனுக்கு மட்டும் போன் எடுப்பாள்.

அம்மாவின் மனம் எப்படி என்பதை அண்ணன் சொன்னால்தான் உண்டு.

இன்றும் கதவு திறந்ததும் அதைத்தான் கேட்டாள். இன்றும் அதே பதில்தான்.

"உன்ர பேரையே எடுக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா. கொஞ்சம் பொறு பிள்ளை."

வெளியே கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் மழை பிடித்துக்கொண்டது. திரையில் அண்ணன் குடும்பம் போய்வந்த துபாய் தகதகத்தது.

காற்றை வீட்டுக்குள் இறக்கும் பழைய கோபுரங்கள் வந்தன. பழைய கோட்டைக்குள் மியூசியம். கழிமுகத்தில் மரப்படகு. நகைக்கடைத் தெருவில் பியற்றிஸ் அண்ணி ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னாலும் நின்றாள்.

லண்டன் தமிழ் வீட்டு வீடியோக்கள் எல்லாவற்றையும் போல இதிலும் முழுக்கச் சினிமாப் பாட்டு. படகுக்கு ஒரு காதல் பாட்டு. பெரிய தாம்பாளத்தில் வந்த ஆட்டிறைச்சிச் சோற்றுக்கு, யார் யோசித்தார்களோ, ஒரு தாலாட்டு.

பியற்றிஸ் பேரீச்சம்பழமும் அங்கிருந்து கொண்டுவந்த கோப்பியும் வைத்தாள். கைப்பிடியில்லாத குட்டிக் கோப்பை. ஏலக்காய் மணந்தது. சீனி இல்லை.

"இதென்ன மச்சான், கோப்பியோ கசாயமோ?"

"குடியும் ஐசே. அவங்கள் ஊத்திக்கொண்டே இருப்பாங்கள். போதுமெண்டால் கோப்பையை ஆட்ட வேணும்."

பிறகு பாலைவனம் வந்தது.

எமில்டா நூலகத்தில் எடுத்துப் படித்த கதைகளில் பாலைவனம் யாராவது தொலைந்துபோகும் இடமாக இருக்கும். அண்ணனின் பாலைவனத்தில் பிளாஸ்டிக் கதிரைகளும் ஐஸ் பெட்டியும் இருந்தன. என்றாலும் அந்த மணல், யாரும் இன்னும் படுக்காத மெத்தை மாதிரி, பார்க்கப் பார்க்க அவளைக் கூப்பிட்டது.

"இது சும்மா மணல்," என்று அண்ணன் ரிமோட்டை எடுத்தான்.

அந்த நேரம் பார்த்து நடையில் போன் அடித்தது. வேலையிடத்திலிருந்து. அவன் ரிமோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு எழுந்து போனான். பியற்றிஸ் குசினிக்குள் நின்றாள்.

வீடியோ ஓடியது.

மணல்மேட்டில் பொழுது சாய்கிறது. அண்ணன், அண்ணி, பிள்ளைகள் இரண்டும் வட்டமாக முழங்காலில். அண்ணனின் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. கமரா பிடித்தவருக்குப் பழக்கமில்லை. உதடுகள் அசைந்தன. மாலைச் செபம்.

செபம் முடிந்ததும் பிள்ளைகள் எழுந்து நேரே கமராவுக்கு முன்னால் வந்தார்கள். கை குவித்து, தலை குனிந்து நின்றார்கள்.

அவர்கள் வீட்டில் செபம் முடிந்தால் சின்னவர்கள் மூத்தவருக்கு முன்னால் அப்படித்தான் நிற்பார்கள். மூத்தவர் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போடுவார்.

படம் ஒரு பக்கம் சரிந்தது. ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது.

மெலிந்த கை. மீன் வெட்டும்போது பாதி நகத்தைப் பறிகொடுத்த பெருவிரல்.

எமில்டா சோபாவின் நுனிக்கு வந்தாள்.

பரமேஸ்வரன் ஒன்றும் அறியாமல் பேரீச்சங்கொட்டையைத் தட்டில் துப்பினான். மாமியை அவன் ஒரு நாளும் கண்டதில்லை.

அந்த விரல் மகனின் பிள்ளைகளுக்குச் சிலுவை போட்டது. மருமகளுக்குப் போட்டது. கடைசியாக அண்ணன் வந்து முழங்காலில் நின்றான். அவனுக்கும் போட்டது.

அண்ணன் எழுந்து கமராவை வாங்கக் கை நீட்டினான். கமரா பின்வாங்கியது. தரமாட்டேன் என்று பின்வாங்கியது.

வேறு நெற்றி அங்கே மிச்சமில்லை.

விரல் திரும்பியது. கிட்ட வந்தது. பெரிதாகி, மங்கி, திரை முழுக்க நிறைந்தது. கமராக் கண்ணாடியின் மேல், உச்சியிலிருந்து கீழே, மெதுவாக ஒரு கோடு. பிறகு குறுக்கே ஒரு கோடு.

படம் நடுங்கியது. கமராவுக்குப் பின்னால் யாரோ பேசுகிறார்கள். நிறைய நேரம் பேசுகிறார்கள்.

பாட்டில் வயலின்கள் உச்சத்துக்குப் போயின.

அண்ணன் கதவடியில் வந்து நின்றதை எமில்டா திரும்பிப் பாராமலே உணர்ந்தாள்.

"அம்மா என்ன சொன்னவ, அண்ணை?"

பரமேஸ்வரன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அது... சத்தமெல்லாம் அழிச்சுத்தானே பாட்டுப் போட்டது," என்றான் கிறிஸ்துராஜா.

திரையில் விரல் விலகியிருந்தது. அங்கே அவன் கமராவுக்கு ஒரு முழத் தூரத்தில், தலை குனிந்து, கேட்டுக்கொண்டு நின்றான்.