அறுத்தெடுத்த முகம்

"கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க. இல்லேன்னா போலீஸ் ஸ்டேஷன்தான்" என்றார் ரெங்கசாமி.

வலங்கைமான் பக்கத்து அந்த ஊரின் சமுதாயக் கூடத்தில், காலை ஒன்பது மணிக்கே ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். நடுவில் வீரையன் நின்றார். ரெங்கசாமியைவிடப் பத்து வயசு மூத்தவர். ரெங்கசாமியின் மூணு மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்.

நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லி எட்டு வருஷமாக வழக்கு நடக்கிறது. வீரையன் அசையவில்லை. "சட்டப்படி வெளியேத்திக்குங்க" என்று நேருக்கு நேர் சொல்கிற ஆள்.

இன்றைக்குக் கூடிய பஞ்சாயத்து அந்த நிலத்துக்காக இல்லை. ஒரு பேனருக்காக.

ரெங்கசாமியின் மகள் மணிமொழி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் வயசுக்கு வந்தாள்.

"வீட்டோட தண்ணி ஊத்திக்கலாங்க. சின்னப் புள்ளை, கூச்சப்படுறா" என்று மனைவி சாவித்திரி சொல்லிப் பார்த்தாள்.

"கட்சியில கிளைச் செயலாளர் நானு. ஊரைக் கூட்டலேன்னா என்ன மதிப்பு?"

மண்டபம் பிடித்தார். பஸ் ஸ்டாப்பில் இருபதடி நீளத்துக்குப் பேனர் கட்டினார். மேலே கட்சித் தலைவர், மாவட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர் படங்கள். கீழே பட்டுப்புடவை, ஒட்டியாணம், உதட்டுச் சாயத்தோடு இருபது வயசுக்காரி மாதிரி மணிமொழி. பக்கத்தில், 'பூப்புனித நீராட்டு விழா காணும் எங்கள் குலவிளக்கே!' என்று கொட்டை எழுத்து.

விழா முடிந்து பத்து நாளாகியும் அதை இறக்கவில்லை. "மாவட்டம் இந்தப் பக்கமா வர்றாரு. அவரு கண்ணுலயும் படட்டும்" என்று விட்டுவைத்திருந்தார்.

இன்று விடிந்து பார்த்தால், கட்சித் தலைவர் படத்தில் ஒரு கீறல் இல்லை. மணிமொழியின் படத்தை மட்டும் யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள். விடிகிற நேரத்தில் வீரையன் அரிவாளோடு அங்கே தனியாக நின்றதைப் பால்காரர் ரெத்தினம் பார்த்திருந்தார்.

"நீதான் அறுத்தியா?" என்று கேட்டார் பஞ்சாயத்துத் தலைவர்.

"நான்தாங்க அறுத்தேன்."

"எதுக்கு?"

வீரையன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ரெங்கசாமிதான் பேசினார்.

"நிலத்து விரோதத்தை ஒரு பச்சைப் புள்ளை மேலயா காட்டுவே? பொம்பளைப் புள்ளை படத்தைத் தனியா அறுத்து எடுத்துட்டுப் போனா என்னய்யா அர்த்தம்?"

கூட்டம் முணுமுணுத்தது. பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி காறித் துப்பினாள்.

"காரணம் இருந்தா சொல்லிப்புடு வீரையா" என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

"காரணம் ஒண்ணும் இல்லீங்க. தப்புதான்."

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எட்டு வருஷமாகப் பணியாத உடம்பு. ரெங்கசாமி உடனே எழுந்திருக்கச் சொல்லவில்லை. கிடக்கட்டும் கொஞ்ச நேரம் என்று நின்றார்.

சாயங்காலம் வீட்டிலிருந்து பேனர் கடைக்குப் போன் போட்டார்.

"தம்பி, அதே போட்டோவை வச்சு இன்னொண்ணு அடி. முன்னதைவிடப் பெரிசா."

"வேண்டாம்ப்பா." பள்ளிக்கூடப் பையோடு வாசற்படியில் நின்றாள் மணிமொழி.

"பயப்படாதம்மா. இனிமே எவனும் கை வைக்க மாட்டான்."

"கை வச்சது நான்தாம்ப்பா."

போனில் கடைக்காரர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். ரெங்கசாமி அதை அணைத்தார்.

"பள்ளிக்கூடத்துக்கு அந்த ஸ்டாப்புலதானேப்பா நிக்கணும்? எல்லாரும் அந்தப் படத்தைப் பாத்துட்டு என்னையப் பாக்குறாங்க. 'அடுத்து கல்யாணப் பேனர் எப்போ'ன்னு டீக்கடையில கேக்குறாங்க. பஸ் கண்டக்டரு முன்னல்லாம் பாப்பான்னு கூப்பிடுவாரு. இப்ப அப்படிக் கூப்பிடறதில்ல. வேற மாதிரி பாக்குறாரு."



"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"சொன்னேனேப்பா. போட்டோ எடுக்கறப்பவே வேண்டாம்னேன். 'சும்மா சிரி'ன்னீங்க."

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. சாவித்திரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப வீரையன் ஏன் ஒத்துக்கிட்டான்?"

"நான் பிளேடால அறுத்தேன். என் கைதான் அறுபட்டுச்சு." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "வயலுக்குப் போன வீரையன் பெரியப்பா பாத்துட்டு, 'ஏம்மா அழுவுறே'ன்னாரு. சொன்னேன். அவருதான் அரிவாளால அறுத்து, மடிச்சு என் கையில குடுத்தாரு. வாய்க்கால்ல விட்டுட்டேன்."

ரெங்கசாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார். காலையில் தன் காலடியில் கிடந்த அந்த வெயில்பட்ட முதுகு கண்ணுக்குள்ளேயே நின்றது. 'எழுந்திரிங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

"பஞ்சாயத்துல இதைச் சொல்லியிருக்கலாமேம்மா அவரு?" என்று கேட்டார்.

"நான் வந்து சொல்றேன்னுதான் கிளம்பினேன்ப்பா. கூடத்துக்கு வர்ற வழியில பெரியப்பா மறிச்சுட்டாரு. 'அம்புட்டுப் பேரு முன்னாடி உன்னைய இன்னொரு தடவை நிக்க வைக்கணுமா? எம்மேல ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கு, அதோட இதுவும் இருந்துட்டுப் போவுது. நீ பள்ளிக்கூடம் போம்மா'ன்னாரு."