கண்மாய்க்கரை மூலை மனை

தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் ஒரு குருவி பாய்ந்து போனது. வெள்ளைச்சாமி குனிந்தார்.

குனிந்தபடியே சிரித்தார். மனை புரோக்கர் எந்த நிலையிலும் சிரிக்க வேண்டும்.

"ஒண்ணுமில்லீங்க. இயற்கைச் சூழல்."

மனை பார்க்க வந்த தம்பதி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். கணவன் முத்துவேலின் தோளில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை. மனைவி செண்பகத்துக்கு ஏழாம் மாதம்.

ஆள்காட்டிக் குருவி திரும்பி வந்தது. மஞ்சள் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, கிறீச்சென்று கத்தியபடி மறுபடி அவர் மேலேயே பாய்ந்தது. மற்றவர்களைச் சீண்டவில்லை.

இதில் புரோக்கர் யார் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

வெள்ளைச்சாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கண்மாயை ஒட்டிய இந்தக் கோரைக்காடு முழுவதையும் அவர்தான் விற்றார். கல் நட்ட இடமெல்லாம் வீடாகிவிட்டது. இந்த மூலை மனை மட்டும் பாக்கி. இந்த மாதத்துக்குள் இது போகவில்லை என்றால் நீயும் வேண்டாம் என்று லேஅவுட் முதலாளி சொல்லியிருந்தார்.

"ச்சூ! ச்சூ!"

குருவி இறங்கியது. குடுகுடுவென்று ஓடி, தூரத்தில் ஓரிடத்தில் சிறகை உப்பிக்கொண்டு அமர்ந்தது.

"அங்கதான் முட்டை இருக்கு போல," என்றான் முத்துவேல்.

வெள்ளைச்சாமிக்குச் சுருக்கென்றது.

இப்படி ஆளைத் திசைதிருப்புவது அவருடைய வித்தை. வடக்கே சாக்கடை ஓடினால் தெற்கே போய் நின்றுகொண்டு கோயில் கோபுரத்தைக் காட்டுவார்.

அப்படியென்றால் முட்டை அங்கே இல்லை.

எடுத்த காலை வைக்காமல் கீழே பார்த்தார். ஜல்லியோடு ஜல்லியாக, செருப்புக்கு நேர் கீழே கிடந்தன. கரும்புள்ளி விழுந்த முட்டைகள்.

"அண்ணே, அசையாதீங்க!"

செண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினாள்.

"வெறும் தரையில போட்டிருக்கு. ஒரு குச்சிகூட இல்ல."

முத்துவேல் தோளில் இருந்த குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டான். பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள், மூன்றாவது வேறு வருகிறதா என்று வாடகை வீட்டுக்காரர் அவர்களைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார்.

"ஏங்க. இதையும் காலி பண்ணச் சொல்லணுமா?"

"சொல்லலைன்னா நாம எங்க போறது செண்பகம்?"



வெள்ளைச்சாமி ஒற்றைக் காலில் நின்றார். பங்காளித் தகராறு, கோர்ட்டுத் தடை, புளியமரத்து முனி எல்லாவற்றையும் பேசித் தீர்த்து மனை விற்றவர் அவர். இந்தக் குருவிப் பார்ட்டியிடம் எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை.

"பொரிக்க எத்தனை நாளாகும்ணே?" என்று கேட்டாள் செண்பகம்.

"ஒரு மாசம்," என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு அஞ்சே நிமிஷம் என்று சொல்லும் அதே துணிச்சலோடு.

"அப்ப எடத்த வாங்கிக்கிறோம். ஆனா பொரிச்சுப் போற வரைக்கும் கடப்பாரை படக் கூடாது. நீங்கதான் காவல் இருக்கணும்."

"நானா?"

"வித்தவரு நீங்கதானண்ணே?"

வெள்ளைச்சாமி காலை எங்கே வைப்பது என்று தேடி, பார்த்து வைத்தார்.

விடிந்தால் அவருக்கு அங்கேதான் வேலை. நாயை விரட்டினார். ஆட்டை விரட்டினார். நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டினார். வழியில் போனவர்கள் புது வில்லங்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

குருவிக்கு நன்றி கிடையாது. தினமும் திருடனை விரட்டுவது போலவே விரட்டியது. சம்பளம் இல்லாத காவல், அதிலும் வசவு.

அவர் அடித்துவிட்ட கணக்கு தப்பவில்லை. ஒரு காலை, ஓடுகள் மட்டும் கிடந்தன.

பஞ்சுருண்டைக்குக் கால் முளைத்தது போலக் குஞ்சுகள் தாயின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளைச்சாமியும் பின்னால் போனார்.

பக்கத்து மனையில் காம்பவுண்டுச் சுவர். பிடிக்கவில்லை.

அடுத்ததில் சிமெண்டுக் கலவை. பிடிக்கவில்லை.

அதற்கடுத்ததில் நாய். அதை அவர் பார்த்துக்கொண்டார்.

வாழ்நாளெல்லாம் பார்ட்டிக்கு முன்னால் நடந்து மனை காட்டியவர். முதல் தடவையாகப் பார்ட்டிக்குப் பின்னால் நடந்தார். இவ்வளவு கறாரான பார்ட்டியை அவர் பார்த்ததில்லை.

கடைசிக் கல்லைத் தாண்டி, கண்மாயின் மிச்சமாக ஒரு துண்டு ஈரம் இருந்தது. கொஞ்சம் கோரை. தாய் நின்றது. இரண்டு பக்கமும் பார்த்தது. உள்ளே போனது. குஞ்சுகளும் போயின.

வெள்ளைச்சாமி "அப்பாடா" என்று மூச்சு விட்டார். ஒரு மனை முடித்துக் கொடுத்த நிம்மதி.

போன் அடித்தது. முதலாளி.

"வெள்ளைச்சாமி, அந்தக் கடைசிக் கோரையையும் நாம வாங்கப் பேசி முடிச்சாச்சுய்யா. நாளைக்கே பார்ட்டியக் கூட்டியாந்து காட்டு."

அவர் கோரையைப் பார்த்தார்.

"அங்க ஆள் குடியிருக்காங்கண்ணே."

"எவன்யா அது, நமக்குத் தெரியாம? எத்தனை பேரு?"

வெள்ளைச்சாமி ஓர் அடி முன்னால் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். கோரை லேசாக ஆடி நின்றது. ஒருவரும் தெரியவில்லை.

"நிறையப் பேருண்ணே," என்றார். "எண்ணி முடியல."