ஒருவருக்குப் புரியவில்லை

'இந்தக் குழுவில் ஒருவருக்கு இது புரியவில்லை போலிருக்கிறது.'

அலுவலக அரட்டைக் குழுவைக் கவனிக்கும் ஏஐ கருவி அனுப்பிய வரி வந்து விழுந்ததும், கிரிஜா கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மாட்டிக்கொண்டாள், மறுபடியும்.

வெள்ளிக்கிழமை வேலையை எப்படி மாற்றிச் செய்வது என்று டீம் லீட் ஜெயந்த் இங்கிலீஷ் பாதி, இந்தி பாதியாக நீளமாக எழுதியிருந்தார். நான்கு முறை படித்தாள். ஒரு கேள்வியை அடித்தாள், அழித்தாள். கடைசியில் எல்லோரையும் போல, புரிந்தது என்று கட்டைவிரலைப் போட்டுவிட்டாள். அந்த டீமில் கட்டைவிரல் போடாதவர் கிடையாது.

ஆனால் கருவியை ஏமாற்ற முடியாது. யார் அடித்து அடித்து அழிக்கிறார்கள், யார் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள் என்று பார்த்துக் கண்டுபிடித்துவிடும். பெயரை மட்டும் சொல்லாது.

அந்தப் பெரிய மனசுக்காகவே கிரிஜா அதன்மேல் உயிரையே வைத்திருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்த ஆறு மாதத்தில் எத்தனை தடவை மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது! சாரஸ்பாக் பிள்ளையாரிடம் போனபோது அதற்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டாள். அர்ச்சனை செய்ய நட்சத்திரம் தெரியாததுதான் குறை.

ஜெயந்த் அலுத்துக்கொள்ளாமல் முதலிலிருந்து விளக்கினார். இப்போது புரிந்தது.

ஆனால் அவளுடைய புரொபேஷன் இன்றோடு முடிகிறது. வேலை நிரந்தரமா, ஊருக்கு டிக்கெட்டா என்று சொல்லப்போவது அவர்தான். இத்தனை நாள் புரியாமல் விழித்தது யாரென்று கருவி அவரிடம் மட்டும் சொல்லியிருந்தால்?

போன் அடித்தது. ஜெயந்த். புனேவின் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்.

"கிரிஜா, நீ கன்ஃபர்ம் ஆய்ட்டே. அச்சா, மெயில்ல ஒரு பெர்மிஷன் கேக்கும், அதுக்கு யெஸ் குடுத்துடு."

"ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெயிலைத் திறந்தாள்.

'புரொபேஷனில் இருப்பவர்களை இந்தக் கருவி கவனிப்பதில்லை. இன்று முதல் உங்களையும் கவனிக்கலாமா?'

கிரிஜா அதை இரண்டு முறை படித்தாள்.

பிறகு மெல்லத் தலையைத் தூக்கி, சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரையும் பார்த்தாள். எல்லோரும் எல்லாம் தெரிந்த முகத்தோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அவளைப் போலவே புரியாமல் விழித்தது யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பாள்.

சம்மதம் என்பதை அழுத்தினாள்.