தட்டில் ஏறிய பம்ப்

வசுமதியின் இடுப்பில் இருந்த இன்சுலின் பம்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. விமான நிலையத்தின் சோதனைக் கருவி முதலில் அவள் கழுத்தருகே அலறியது. பிறகு இடுப்பருகே அலறியது.

"தாலிதானே, இருக்கட்டும்மா. இடுப்புல இருக்கறதைக் கழட்டித் தட்டுல வைங்க," என்றார் பெண் காவலர்.

"எக்ஸ்ரேல போனா கெட்டுடும், மேடம்!"

"ரூல்ஸ்மா. கழட்டுங்க."

பம்ப் தாலியைக் கேட்டது: "அக்கா, உன்னைப் பார்த்தும்தானே அது கத்துச்சு? உன்னை மட்டும் ஏன் விட்டுட்டாங்க?"

"நேத்து வந்தவனே, என்னைக் கழட்டச் சொல்ல யாருக்குடா தைரியம்?"

"நான் இல்லேன்னா சர்க்கரை ஏறி இவ உயிரே போகலாம். நீ இல்லேன்னா?"

தாலி குரலைத் தாழ்த்தியது.

"நாலு பேர் பேசுவாங்க."

மேலும் குழம்பிய பம்ப், வசுமதி கழட்டி வைத்த தட்டில் செருப்புக்கும் சீப்புக்கும் நடுவே படுத்தபடி, எக்ஸ்ரே பெட்டியை நோக்கி நகர்ந்தது.